அறுபத்து நான்கு பாத்திகள்

புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் கடலைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. அதுவே வீட்டுக்கு வரும். ஜன்னல் கம்பியில் துருவாக வரும், மாடிக் கதவின் கீலில் முனகலாக வரும். போன மழைக்காலத்தில் அது என் இசைப் பலகையின் பொத்தான்களுக்குள் வந்தது. எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுப் பொத்தான் என்று சதுரமாக இருக்கும் பலகை. மேலிருந்து மூன்றாம் வரிசையின் கடைசிப் பொத்தானும் அதற்கு நேர் கீழே இருந்ததும் ஒரே வாரத்தில் ஊமையாகிவிட்டன.

ஒரு வரிசையே ஊமையாகியிருந்தால் பயந்திருப்பேன். 64 பொத்தானுக்கும் தனித்தனியாகத் தடம் இழுப்பதில்லை. வரிசைக்கு ஒன்றாக எட்டு, பத்திக்கு ஒன்றாக எட்டு, ஆக 16 தடங்கள் போதும். உள்ளே இருக்கும் சில்லு ஒவ்வொரு வரிசைக்கும் மாறி மாறி மின்சாரம் கொடுத்து, அது எந்தப் பத்தி வழியாகத் திரும்புகிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். தடம் அறுந்தால் வரிசையோ பத்தியோ மொத்தமாகப் போகும். ஒன்றிரண்டு பொத்தான் மட்டும் போனால் கோளாறு அவற்றின் அடியில்தான்.

பழைய டிவி ரிமோட்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு உள்ளே இருப்பது தெரியும். மேலே ஒரே துண்டான ரப்பர் தகடு. ஒவ்வொரு பொத்தானின் அடிவயிற்றிலும் மிளகு அளவில் ஒரு கரிப் பொட்டு. அதற்குக் கீழே பலகையில், இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றோடொன்று கோத்ததுபோல் தொடாமல் நிற்கும் உலோகக் கோடுகள். அழுத்தும்போது கரிப் பொட்டு இரண்டு சீப்பையும் சேர்த்துத் தொடுகிறது, சுற்று மூடுகிறது. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும். அந்தக் கரைசல் சீப்பின் பற்களுக்கு நடுவில் உட்கார்ந்து உலோகத்தை அரித்துவிடும். பலகையைச் செய்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர்ப் பெயரிலேயே உப்பு இருக்கிறது.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். கீழே இருந்த பொத்தானுக்குப் பேச்சு வந்தது. மூன்றாம் வரிசைப் பொத்தானின் சீப்பில் பற்களே மிச்சமில்லை.

அந்த ஒரு பொத்தானை என்ன செய்தேன் என்பதைச் சொல்வதற்கு முன், இந்தப் பலகை என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். அதற்குள்தான் நான் பல நாளாக எழுத நினைத்த விஷயமே இருக்கிறது.

2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிரையன் கிராப்ட்ரீ, கெல்லி கெய்ன் என்ற இருவர் மோனோம் என்ற பெயரில் ஒரு பெட்டியை வெளியிட்டார்கள். 64 பொத்தான்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு விளக்கு. வேறு எதுவும் இல்லை. எழுத்து இல்லை, படம் இல்லை, 'இது டிரம்', 'இது பியானோ' என்று எந்த அடையாளமும் இல்லை. 'ஃபார்ட்டி எச்' என்று பெயர். பதினாறின் அடுக்கில் எண்ணினால் 40 என்பது நம் 64.

அந்தப் பெட்டியில் ஒரு முடிவு இருந்தது. பொத்தானை அழுத்தினால் அதன் விளக்கு எரியாது. அழுத்தினால் 'மூன்றாம் பத்தி, நான்காம் வரிசை, அழுத்தப்பட்டது' என்ற செய்தி மட்டும் கணினிக்குப் போகும். விளக்கை எரிப்பதா வேண்டாமா, எரித்தால் அதையா வேறொன்றையா என்பதெல்லாம் கணினியில் ஓடும் நிரலின் பாடு. விரல், கண், காது மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் போட்டு, எப்படிச் சேர்த்துக் கட்டுவது என்பதை வாசிப்பவரிடமே விட்டுவிட்டார்கள். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் அந்தக் கட்டையின் சுரம்தான் வரும். அது மரத்திலும் பித்தளை நாக்கிலும் எழுதிவைத்த விதி. இங்கே விதி எழுதப்படவில்லை.

நமக்கு இது புதிதல்ல என்று நினைக்கிறேன். வாசலில் புள்ளி வைக்கும்போது எந்தப் புள்ளிக்கும் பொருள் கிடையாது. கோடு எப்படி வளைந்து போகிறது என்பதில்தான் அது தாமரையா தேரா என்பது முடிவாகும். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இல் கோலங்களுக்கு இலக்கணம் எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மொழிக்கு எழுதுவதுபோல, கட்டங்களில் அடுக்கப்படும் வடிவங்களுக்குக் கணினி அறிவியல் விதிகள். கட்டம் வெறுமையாக இருப்பதால்தான் இலக்கணத்துக்கு இடம் கிடைக்கிறது. மோனோம் பலகைக்கும் அதே நியாயம்.

ஆனால் பலகைக்கு மூளை கிடையாது. முதலில் மடிக்கணினியோடு சேர்த்துத்தான் வாசித்தார்கள். 2018-இல் அதே குழு நார்ன்ஸ் என்ற சிறு இசைக் கணினியைக் கொண்டுவந்தது. உள்ளங்கைக்குச் சற்றுப் பெரியது. மூன்று திருகுகள், மூன்று விசைகள், 128க்கு 64 புள்ளி அளவில் ஒரு குட்டித் திரை. ஸ்காண்டிநேவியப் புராணத்தில் மனிதர்களின் விதியை நிர்ணயிக்கும் தேவியர் நார்ன்கள், அவர்களின் பெயர்தான் இது. உள்ளே இருப்பது ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி வகைச் சில்லும் லினக்ஸ் இயங்குதளமும். ஒலியை உண்டாக்குவது சூப்பர்கொலைடர், 1996-இல் ஜேம்ஸ் மெக்கார்ட்னி வெளியிட்ட ஒலிமொழி. என்ன செய்ய வேண்டும் என்று அதற்குக் கட்டளையிடும் நிரல்களை எழுதுவது லுவா என்ற எளிய கணினி மொழியில். அது 1993-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில், ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பதிவான ஒலியை வெட்டி, சுழற்றி, பின்னோக்கி ஓட்டும் 'சாஃப்ட்கட்' என்ற பகுதி எஸ்ரா புக்லாவின் கைவண்ணம்.

நம் வீடுகளில் இருக்கும் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். பெங்களூரின் ராடெல் போன்ற நிறுவனங்கள் தம்புராவை ஒரு பெட்டிக்குள் அடக்கிப் பாடகர்களுக்குச் செய்த உதவி பெரிது. ஆனால் அந்தப் பெட்டி ஒன்றைத்தான் செய்யும். அதை வேறொன்றாக்க நமக்கு வழியில்லை. நார்ன்ஸ் காலையில் சுருதிப் பெட்டி, மதியம் தாளக் கருவி, ராத்திரி ஒலிப்பதிவு நாடா. அதன் நிரல் முழுவதும் கட்டற்ற மென்பொருள். எவரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். வன்பொருள் வரைபடமும் திறந்தே கிடக்கிறது. அதனால்தான் கடைப் பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் சாதாரண ராஸ்பெரி பை மேல் ஒரு சிறு சுற்றுப் பலகையைப் பற்றவைத்து, அதே கணினியைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். என்னுடையதும் அப்படிச் செய்ததுதான். புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருளுக்கும் வன்பொருளுக்கும் என்றே ஓர் இயக்கம் இருக்கிறது; இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பற்றவைக்கும் கோலும் லினக்ஸும் அந்நியமில்லை.

கணினி கிடைத்துவிட்டது. பலகை? மோனோம் பலகைகளைச் சிறு தொகுதிகளாகத்தான் செய்கிறார்கள். விலையோடு கப்பல் கூலியும் சுங்கவரியும் சேர்ந்தால் நம்மில் பலருக்கு எட்டாது. அதேசமயம், 2009-இல் நொவேஷன் நிறுவனம் இசை மென்பொருள் நிறுவனமான ஏபிள்டனோடு சேர்ந்து லாஞ்ச்பேட் என்ற பலகையை வெளியிட்டது. அதுவும் எட்டுக்கு எட்டு. பொத்தானுக்கு அடியில் விளக்கு. டிஜே மேசைகளிலும் ஸ்டூடியோக்களிலும் பரவி, இன்று பழைய பொருளாகக் கைமாறிக் கிடைக்கிறது. என் மேசையில் இருப்பது அந்த வகையில் ஒன்று. இதை மோனோம் பலகையின் இடத்தில் வைக்க முடியுமா?

சொருகினால் ஒன்றும் நடக்காது. இரண்டும் பேசும் மொழி வேறு. லாஞ்ச்பேட் பேசுவது மிடி. 1983-இல் கீபோர்டுகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக உருவான ஒப்பந்தம் அது. கீபோர்டுக்காகப் பிறந்ததால் அது பெரும்பாலும் பேசுவது சுர எண்களில்: 0 முதல் 127 வரை, நடு ஸ்தாயி 'சி' 60. லாஞ்ச்பேடின் கட்டத்தில் உள்ள ஒவ்வொரு பொத்தானும் தன்னை ஒரு சுரம் என்றே சொல்லிக்கொள்ளும், உண்மையில் அது ஓர் இடம் மட்டும்தான் என்றாலும். மோனோம் மொழியில் சுரமே கிடையாது. பத்தி எண், வரிசை எண், அழுத்தமா விடுவிப்பா, மூன்றே சொல்.

நடுவில் ஒரு துபாஷி வேண்டும். பழைய புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்கும் ஊராருக்கும் நடுவே ஆனந்தரங்கப் பிள்ளை நின்றதுபோல. இங்கே அந்த வேலையைச் செய்வது மிடிகிரிட் என்ற சிறு நிரல்தொகுப்பு. பலகையைப் பயன்படுத்தும் நார்ன்ஸ் நிரல் ஒவ்வொன்றும் தொடக்கத்தில் 'பலகை எங்கே?' என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு உண்மையான பலகையின் இடத்தில் மிடிகிரிட் பதில் சொல்கிறது. கேட்ட நிரலுக்கு வித்தியாசம் தெரியாது.

துபாஷியின் கையில் இருப்பது ஓர் அட்டவணை. பழைய லாஞ்ச்பேடில் மேல் இடது மூலைப் பொத்தானின் எண் 0. வரிசைக்கு வரிசை 16 கூடும். ஆகவே நான்காம் வரிசை மூன்றாம் பொத்தான் 50. புதிய லாஞ்ச்பேடுகளில் நிரலாளர்களுக்கான ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு வேறு: கீழ் இடது மூலை 11, மேல் வலது மூலை 88; பத்தாம் இட எண் வரிசையைச் சொல்லும், ஒன்றாம் இட எண் பத்தியைச் சொல்லும், அதுவும் கீழிருந்து மேலாக. அதே பொத்தான் இங்கே 53. ஒரே இடத்துக்கு இரண்டு கதவிலக்கம். அட்டவணை இரண்டையும் 'மூன்றாம் பத்தி, நான்காம் வரிசை' என்று மாற்றிக்கொடுக்கிறது. சுரம் என்ற சட்டையைக் கழற்றி இடமாக்குகிறது. புதிதாக ஒரு பலகை சந்தைக்கு வந்தால், யாரோ ஒருவர் உட்கார்ந்து அதன் 64 எண்களை எழுதிச் சேர்த்தால் போதும். அத்தனை நிரல்களும் அதில் ஓடும்.

திரும்பிப் போகும் வழி, அதாவது விளக்கு, இன்னும் சிக்கல். மோனோமின் பிந்தைய பலகைகளில் ஒவ்வொரு விளக்குக்கும் 16 படி வெளிச்சம். பழைய லாஞ்ச்பேடில் சிவப்புக்கு நான்கு படி, பச்சைக்கு நான்கு படி, அவ்வளவே. பதினாறை நான்கில் அடக்க வேண்டும், அல்லது மங்கலுக்குப் பச்சை, நடுவுக்கு மஞ்சள், பிரகாசத்துக்குச் சிவப்பு என்று நிறத்தைப் படியாக்க வேண்டும். எனக்கு இரண்டாவதே பிடிக்கும். மங்கலான அறையில் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடும்.

வேகமும் பிரச்சினை. பழைய லாஞ்ச்பேட் வினாடிக்கு அதிகபட்சம் 400 செய்திகளைத்தான் வாங்கும். ஓரத்து வட்டப் பொத்தான்களோடு சேர்த்து 80 விளக்கு. எல்லாவற்றையும் ஒருமுறை புதுப்பிக்க 200 மில்லி வினாடி. அட்சரத்துக்கு ஒரு வினாடி என்ற நிதானமான காலப்பிரமாணத்தில் நான்கு உட்பிரிவு வைத்தால் ஒவ்வொரு பிரிவுக்கும் 250 மில்லி வினாடி. படத்தை முழுவதும் வரைந்து முடித்த கையோடு அடுத்த தட்டு வந்து நிற்கும். அதனால் துபாஷி தன்னிடம் ஒரு நகலை வைத்துக்கொள்கிறது. இதற்கு முன் எது எரிந்தது, இப்போது எது எரிய வேண்டும் என்று ஒப்பிட்டு, மாறியதை மட்டும் அனுப்புகிறது. தாளத்தைக் காட்டும் ஒற்றை விளக்கு ஒரு கட்டம் நகர்ந்தால் இரண்டே செய்தி: பழையதை அணை, புதியதை ஏற்று. 5 மில்லி வினாடியில் முடிந்தது.

அகலம் போதாது என்பது அடுத்தது. பெரும்பாலான நிரல்கள் 16 பத்தி கொண்ட 128 பொத்தான் பலகையை நினைத்து எழுதப்பட்டவை. எட்டுப் பத்திப் பலகையில் பாதிதான் தெரியும். மேல் ஓரத்து வட்டப் பொத்தான்களில் இரண்டை இடப்பக்கம், வலப்பக்கம் என்று ஒதுக்கிப் புரட்டிப் புரட்டி வாசிக்கலாம். அல்லது இரண்டு பலகையை ஒட்டிவைக்கலாம். புரட்டுவது எழுதும்போது பரவாயில்லை, மேடையில் தடுமாற்றம். வலப்பக்கம் என்ன எரிகிறது என்று மனதில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

இத்தனை சிரமத்துக்கும் எனக்குக் கிடைத்த பலன் இரண்டு. முதலாவது சுருதி. மேற்கத்திய கீபோர்டு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமத் துண்டாக வெட்டுகிறது. ஒரு கட்டைச் சுருதியில் சட்ஜத்தை 261.6 ஹெர்ட்ஸ் என்று வைத்தால், கீபோர்டின் அந்தர காந்தாரம் 329.6. ஆனால் தம்புராவின் கார்வையில் தானாக ஒலிக்கும் காந்தாரம் சட்ஜத்துக்கு ஐந்துக்கு நான்கு என்ற விகிதம், 327. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் வினாடிக்கு இரண்டரை முறைபோல ஒலி ஏறி இறங்கி அலையும். காது பழகியவர்களுக்கு அது பல் கூசுவதுபோல் இருக்கும். சுர எண்ணைக் கழற்றிப் போட்டுவிட்டு இடத்தை மட்டும் வைத்துக்கொண்டதால், 'இந்த வரிசை ஐந்துக்கு நான்கு' என்று நிரலில் ஒரே வரியில் எழுத முடிகிறது. மோகனத்துக்கு ஐந்து வரிசை ஒதுக்கி, விகிதங்களை நானே எழுதி, தம்புராவோடு சேர்த்து ஒலிக்கவிட்ட அன்று அந்த அலைச்சல் அடங்கியது. அறையே அகலமானதுபோல் இருந்தது.

இரண்டாவது தாளம். கட்டப் பலகை பிறவியிலேயே நாலும் எட்டும் பதினாறும். ஆதி தாளத்துக்கு அது தோதானது: எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு, ஆக 32 கட்டம், எட்டுப் பத்திப் பலகையில் நான்கு வரிசை. நான்கு நான்காகக் கூட்டுவது நம்மிடமும் பழைய வழக்கம். குடுமியான்மலையின் ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டில் சுரங்கள் நான்கு நான்காகத்தான் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் மிச்ர சாப்பு ஏழு. கண்ட சாப்பு ஐந்து. கடையில் வாங்கும் பல தாளக் கருவிகளில் பதினாறிலிருந்து ஏழுக்கு வர மெனு மெனுவாகத் தேட வேண்டும். இங்கே சுற்று எங்கே முடிய வேண்டும் என்பதைப் பொத்தானாலேயே காட்டலாம்: ஏழாம் பத்தியை அழுத்திப் பிடித்தால் சுற்று ஏழில் திரும்பும்படி எழுதினேன். தகிட தகதிமி என்று வாயில் சொல்லிக்கொண்டே பார்த்தால், விளக்கு ஏழில் திரும்பிவர எட்டாம் பத்தி இருட்டாகவே நிற்கும். மேல் வரிசையில் எட்டு, அடுத்ததில் ஏழு, அதற்கடுத்ததில் ஐந்து என்று ஒரே நேரத்தில் ஓடவிட்டால் மூன்றும் விலகி விலகிப் போய் 280 கட்டத்துக்கு ஒருமுறை ஒன்றாக வந்து விழும். கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்வது வேறு. கண்ணெதிரே மூன்று விளக்கும் ஒரே பத்தியில் வந்து சேர்வதைப் பார்ப்பது வேறு.

எதற்கு இது உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கமகம் வராது. பொத்தான் திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். நடுவில் எதுவும் இல்லை. தோடியின் காந்தாரத்தை அசையாமல் நிறுத்தினால் அது தோடி இல்லை. இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும்படி நிரல் எழுதிப் பார்த்தேன். வழுக்கல் வந்தது, உயிர் வரவில்லை. அதற்கு வழுவழுப்பான பரப்பு வேண்டும். ஏ.ஆர். ரகுமான் 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா து' பாடலில் வாசித்த கண்டினியம் அப்படிப்பட்ட கருவி: கட்டைகள் இல்லாத, விரலை இழுத்து வாசிக்கும் பட்டை. இங்கே பக்கத்தில் ஆரோவில்லில் 2003 முதல் இயங்கும் ஸ்வரம் பட்டறையில் கல்லிலும் மரத்திலும் உலோகத்திலும் பயிற்சி இல்லாதவரும் தொட்டு வாசிக்கும் கருவிகள் செய்கிறார்கள். அது முற்றிலும் வேறு வழி. கட்டப் பலகையை வீணைக்கு மாற்றாக நினைப்பவர் ஏமாந்துபோவார். மிருதங்கம் கற்கும் பிள்ளைக்குத் தாளத்தைக் கண்ணில் காட்டும் பலகையாக நினைத்தால் அதன் மதிப்பு தெரியும்.

அந்தப் பற்கள் போன பொத்தானுக்கு வருகிறேன். எட்டுச் சுற்று ஓடும்போது மூன்றாம் வரிசையின் கடைசித் தட்டை என்னால் வைக்கவே முடியவில்லை. புதிய பலகை வாங்குவதா, சுற்றுப் பலகையில் மெல்லிய கம்பி பற்றவைப்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அட்டவணையைத் திறந்தேன். மூன்றாம் வரிசை எட்டாம் பத்தி: இரண்டு பதினாறு 32, அதோடு ஏழு, 39. அதற்கு வலப்பக்கம் ஒட்டியே ஓரத்தில் ஒரு வட்டப் பொத்தான் சும்மா இருக்கிறது. அதன் எண் 40. அட்டவணையில் 39 என்று இருந்ததை அழித்து 40 என்று எழுதிச் சேமித்தேன். இப்போது மூன்றாம் வரிசையின் எட்டாவது தட்டு அந்த வட்டத்தில் எரிகிறது.